வடக்கு வாசலுக்கு எதிர் வீடு

ஒரு பெரிய கோயில் விழாவுக்கு ஒருங்கிணைப்புக் கூட்டம் போட்டுப் பாருங்கள். முதலில் காராச்சேவும் டீயும் வரும். அடுத்து, அன்றைக்கு வராதவர்களைப் பற்றிய குறை வரும். தீயணைப்பு நிலையத்திலிருந்து ஆள் வரவில்லை என்றால் எல்லா வேலையும் அவர்கள் தலையில் கட்டப்படும். அடுத்த கூட்டத்துக்கு அவர்கள் வந்துவிட்டால், அன்று வராத சுகாதாரத் துறையின் தலைக்கு மாறும். தாசில்தாராக இருந்த என்னை நடுவில் உட்காரவைத்துச் சால்வை போர்த்துவார்கள். கடைசியில் எல்லாவற்றுக்கும் என்னையே பொறுப்பாக்கிவிட்டு எழுந்து போவார்கள். அந்தச் சால்வைகள் இன்னும் என் பீரோவில் இருக்கின்றன, பிரிக்காமல்.

இப்போது அந்த நாற்காலி உங்களுக்கு வந்திருக்கிறது. சவுக்குக் கம்பு எங்கே கட்டுவது, தண்ணீர்த் தொட்டியை எங்கே வைப்பது என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அது இரண்டு விழா பார்த்தால் தானாக வந்துவிடும். நான் சொல்ல வந்தது ஒரு கும்பாபிஷேகத்தைப் பற்றி. இன்னும் சரியாகச் சொன்னால், எந்தக் கூட்டத்துக்கும் வராத, வரவே முடியாத ஒரு மனிதரைப் பற்றி.

ஊர், ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில், மேற்கே திரும்பினால் மலை தெரிகிற ஊர். பெயர் வேண்டாம், அந்த வீட்டார் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். அம்மன் கோயில். கிழக்கே ராஜகோபுரம், வடக்கே ஒரு சின்ன வாசல், அதற்கு வெளியே ஒரு குறுகிய தெரு. வெகுகாலம் கழித்துக் கும்பாபிஷேகம் என்பதால் வன்னியம்பட்டி, சோழபுரம், சுந்தரபாண்டியம் என்று சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் டிராக்டரிலும் வேனிலும் வந்து இறங்கும் என்று தெரியும். பட்டாளத்திலும் போலீசிலும் இருக்கிற பிள்ளைகள் முன்கூட்டியே லீவு சொல்லிவிட்டார்கள்.

கும்பாபிஷேகத்தில் பயப்பட வேண்டிய நேரம் எது தெரியுமா? கலசத்தில் தண்ணீர் ஊற்றுகிற நேரம் இல்லை. அப்போது கூட்டம் முழுக்க அண்ணாந்து கருடனைத் தேடிக்கொண்டு நிற்கும். யாரும் நகர மாட்டார்கள். ஊற்றி முடித்த பிறகுதான் இருக்கிறது. தீர்த்தம் மேலே பட வேண்டும் என்று பாதிப் பேர் முன்னால் வருவார்கள், பட்டுவிட்டவர்கள் அன்னதானப் பந்தலுக்குத் திரும்புவார்கள். இந்த இரண்டு பக்கமும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டால் பிள்ளைகள் நசுங்கும். அதனால் கிழக்கு வழியே வருவது, வடக்கு வழியே போவது, யாரும் வந்த வழியில் திரும்பக் கூடாது என்று முடிவு செய்தேன். வடக்குத் தெருவைப் பெரிய மனிதர்களின் கார்களுக்கு ஒதுக்கி வைத்திருந்த கமிட்டிக்கு முகம் சுருங்கிப்போனது.

திருப்பணிக் கமிட்டித் தலைவர் ராஜபாளையத்தில் சிமெண்டும் கம்பியும் விற்கிறவர், தன்மையான மனிதர். தெருவை விட்டுத் தருவதாக ஒத்துக்கொண்டார். பிறகு, ஒரு சின்ன விஷயம் என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டார். வடக்கு வாசலுக்கு நேர் எதிர் வீட்டில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். இன்றைக்கோ நாளைக்கோ என்கிற நிலைமை. நான் ஒரு ஆம்புலன்சுக்கு ஏற்பாடு செய்து அவரை இரண்டு நாள் அரசு மருத்துவமனையில் வைத்திருந்தால் அவருக்கும் நல்லது, ஊருக்கும் நல்லது. இவ்வளவுதான் கோரிக்கை.

ஏன் என்று கேட்டேன். எல்லோரும் டீ டம்ளருக்குள் பார்த்தார்கள். செயலாளராக இருந்த நடுவயதுக்காரர் மட்டும் குனிந்த தலை நிமிராமல் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். கடைசியில் தலைவர்தான் விளக்கினார். கோயிலைச் சுற்றிய தெருவில் சாவு விழுந்தால், சவம் தெருவை விட்டுப் போகிறவரை நடை சாத்த வேண்டும். சுபேதார் கும்பாபிஷேகத்தன்று காலையில் போய்ச் சேர்ந்தால் முகூர்த்தம் தப்பிவிடும். இத்தனை ஊர் கூடி நிற்கும்போது நடையைச் சாத்தினால் என்ன ஆகும் என்று என்னையே யோசித்துப் பார்க்கச் சொன்னார்.

தீ, நெரிசல், மின்கசிவு, சாரம் சரிவது என்று ஆபத்துகளை நான் வரிசையாக யோசித்து வைத்திருந்தேன். ஒரு மனிதர் தன் வீட்டில் சாவது அந்த வரிசையில் இல்லை. எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் கோபத்தை விட, அந்த வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் பெரிதாக வந்தது. அடுத்த வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று எட்டிப் பார்க்கிற புத்தி எனக்கு என்று என் வீட்டுக்காரர் சொல்வார். வருவாய்த் துறையில் அதற்குக் கள ஆய்வு என்று பெயர்.

ஜீப்பை மெயின் ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்து போனேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இருந்த ஒரு அதிகாரி, ஊர்வலம் போகிற வழியைச் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்ப்பார். கால் சுடுகிற இடத்தில்தான் கூட்டம் ஓடும் என்பார். அவரை அப்போது கிறுக்கு என்றுதான் நினைத்தேன். நான் செருப்பைக் கழற்றவில்லை, ஆனால் நடந்தேன்.

சுபேதாரின் மகள் பேச்சியம்மாள் கதவைத் திறந்தாள். நாற்பது வயதிருக்கும். வீட்டுக்காரர் லாரி ஓட்டிக்கொண்டு வடக்கே போயிருந்தார். இவள் ஸ்பின்னிங் மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுபேதார் இரும்புக் கட்டிலில் எலும்பும் தோலுமாகக் கிடந்தார். கண்ணில் மட்டும் சுறுசுறுப்பு இருந்தது. வந்திருப்பது தாசில்தார் என்று மகள் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“உக்காருங்க. என்னைய எந்த ஆஸ்பத்திரிக்கு மாத்தல் போட்டிருக்காவ?”

அப்படி எதுவும் முடிவாகவில்லை என்றேன். யாகசாலையில் அப்போதுதான் பூஜை தொடங்கியிருந்தது. மந்திரம் ஒலிபெருக்கி வழியாக நேரே அவர் ஜன்னலில் வந்து விழுந்தது. அது ஓய்கிறவரை பொறுத்திருந்து, மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார். மதுரை ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்களாம். தன் வீட்டு உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு சாகலாம் என்று திரும்பி வந்திருக்கிறார்.

“சாகத்தான் வீட்டுக்கு வந்திருக்கேன். பொறவு இங்கிருந்து என்னைய எங்க கொண்டு போறாவ? தேதி போட்டுக் கெளம்பச் சொல்லுதது பட்டாளத்தோட போச்சுன்னுல்லா நெனச்சேன்.”

வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டேன். அந்த ஒலிபெருக்கியைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னார். அதைச் செய்துவிட்டேன். என் பதவிக்காலத்தில் கேட்ட மாத்திரத்தில் செய்து முடித்த கோரிக்கை அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

வாசல் வரை வந்த பேச்சியம்மாள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். ஏதோ சொல்ல வருகிறாள் என்று தெரிந்ததால் நான் படியிறங்கவில்லை.

“அப்பாவ இங்கனயே வச்சிருக்கணும்னா ஒரு கண்டிசன் போடுதாவம்மா. அவிய போயிட்டா அழக்கூடாதாம். கதவச் சாத்திக்கிட்டு இருந்து, கூட்டம் கலைஞ்ச பொறவு அழணுமாம்.”

யார் சொன்னது என்று கேட்டதற்கு அவள் தலைப்பை இன்னும் இறுக்கிச் சுற்றினாள். ஒருவர் இறந்துவிட்டார் என்பது தெருவுக்குத் தெரிவதே அந்த வீட்டுப் பெண்ணின் அழுகைச் சத்தத்தில்தான். அது வராதவரை அங்கே சாவே நடக்கவில்லை. இப்படி ஒரு வழியைக் கண்டுபிடித்தது யார் என்று எனக்குள் ஒரு குறுகுறுப்பு. அதைவிட, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. “உன் வாயை யாரும் அடைக்க மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எப்படி என்று யோசித்தேன்.

சரி, சுபேதார் வீட்டிலேயே இருப்பதை எதிர்ப்பது யார்? அதிலிருந்து தொடங்கினேன். தலைவரிடம் போனேன். தனக்கு ஒன்றுமில்லை, ஊர்தான் ஒத்துக்கொள்ளாது என்றார். ஊர் என்றால் யார்? ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கைகாட்டினார். அவர் கிணற்று மேட்டில் மிளகாய் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் கேட்டதும் கையை உதறிக்கொண்டு நிமிர்ந்தார்.

“எங்களுக்கு என்னம்மா, சுபேதார் நம்ம ஆளு. உபயதாரர்தான் ஒத்துக்கிட மாட்டாவ. ராஜகோபுரத்துக்கு அம்புட்டுச் செலவு பண்ணியிருக்காவல்ல.”

உபயதாரர் ராஜபாளையத்தில் நூற்பாலை வைத்திருப்பவர். உள்ளே திரும்பித் தெலுங்கில் காப்பிக்குச் சொல்லிவிட்டு நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். அவருக்கு வருத்தமாகிவிட்டது. தன் பெயரைச் சொல்லி ஒரு நோயாளியை வீட்டை விட்டுக் கிளப்பப் பார்த்தார்கள் என்பதையே அவரால் தாங்க முடியவில்லை. ஆனால் சாஸ்திரம் என்று ஒன்று இருக்கிறதே, சிவாச்சாரியார் ஒப்ப மாட்டாரே என்றார்.

தலைமைச் சிவாச்சாரியார் யாகசாலைப் புகையில் கண் சிவந்து, வாசலில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். கையில் காப்பு கட்டியிருந்தது. நான் கேட்டதை அவர் ஒரு பெரிய விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் வழக்கப்படி காப்பு கட்டியவர்களுக்குத் தீட்டு கிடையாதாம். தொடங்கிய யாகம் நிற்காதாம். நடை சாத்துவதெல்லாம் அன்றாட பூஜைக்கு உள்ள முறை. சவத்தைச் சன்னதிக்கு முன்னால் கொண்டு போகாமல் வடக்குத் தெரு வழியாகவே கொண்டு போனால் போதும் என்றார். இதைக் கமிட்டியிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“என்னை யாரும் கேக்கலையேம்மா. கமிட்டி ஒத்துக்காதுன்னு நானா நெனச்சுண்டேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வட்டம் சுற்றிக் கிளம்பிய இடத்துக்கே வந்துவிட்டேன். ஒவ்வொருவரும் அடுத்தவரைச் சொன்னார்கள். அந்த அடுத்தவரைப் போய்ப் பார்த்தால் அவர் நல்லவராகவே இருந்தார். இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் யாராவது ‘எனக்கு ஒன்றுமில்லை, அவிய ஒத்துக்கிட மாட்டாவ’ என்று சொன்னால், உடனே வண்டியை எடுத்துக்கொண்டு அந்த அவியளைப் பார்க்கப் போய்விடுங்கள். பாதி நேரம் அப்படி ஒருவர் இருக்கவே மாட்டார்.

மீதி நேரம் இருப்பார். நான் தலைவரிடம் திரும்பிப்போய் இதையெல்லாம் சொன்னபோது அவருக்கும் நிம்மதிதான். ஆனாலும், செயலாளர் முருகேசனிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், ஆம்புலன்ஸ் யோசனையை முதலில் சொன்னது அவர்தான் என்றார். கூட்டத்தில் குனிந்து எழுதிக்கொண்டிருந்த அதே மனிதர். சுபேதாரின் மகன் அவர் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

முருகேசன் பேண்டேஜ் துணி நெய்கிற தறி போட்டிருந்தார். நான் போனதும் மோட்டாரை நிறுத்தினார். நான் திட்டத்தான் போயிருந்தேன். பெற்ற தகப்பனை இப்படி அனுப்ப எப்படி மனசு வந்தது என்று கேட்க வாயைத் திறந்தேன். அவர் கண்ணைப் பார்த்ததும் அந்தக் கேள்வி வரவில்லை. யாருக்காகப் பயப்படுகிறீர்கள் என்றுதான் கேட்டேன்.

“சாமி குத்தம்னு இன்னைக்கு யாரும் சொல்ல மாட்டாவம்மா. வார வருசம் மழை தப்புனாச் சொல்லுவாவ. எவன் வீட்டு மாடு செத்தாலும் சொல்லுவாவ. நாங்க இந்த ஊர்லதான இருக்கணும்?”

இதற்கு ஒரு அரசாணை கிடையாது. சிவாச்சாரியார் சொன்னதைச் சொன்னேன். அப்பா சிரித்ததையும், மாத்தல் என்று கேலி செய்ததையும் சொன்னேன். அவர் தறியின் பலகையில் உட்கார்ந்து அறுந்த நூல் ஒன்றை முடிந்தார். பிறகு, அப்பா வீட்டிலேயே இருக்கட்டும் என்றார். ஆனால் தங்கச்சி அழக்கூடாது என்று கண்டிசன் போட்டதும் அவர்தான், அதில் மட்டும் அசையவில்லை. அழுதால் யாரும் தடுக்க மாட்டார்கள் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன்.

“வாக்கு நீங்க குடுத்தீய. கூட்டம் ஒங்க வாக்கக் கேட்டுட்டா வருது?”

இதே கேள்வியை அன்று மாலையே காவல் ஆய்வாளரும் வேறு வழியில் கேட்டார். அவர் கணக்கு எளிமையானது. தலையில் தீர்த்தம் பட்டு, நல்லபடியாகத் தரிசனம் முடித்து வருகிறவர்கள் வடக்கு வாசலைத் தாண்டியதும் எதிர் வீட்டிலிருந்து அழுகைச் சத்தம் கேட்டால் என்ன செய்வார்கள்? சாவு வீட்டைக் கடந்து போக யாருக்கு மனசு வரும்? திரும்புவார்கள். பின்னால் இருந்து தள்ளிக்கொண்டு வருகிற கூட்டத்தோடு அந்தச் சின்ன வாசலில் மோதுவார்கள். நாம் எதைத் தவிர்க்க வடக்கு வழியைத் திறந்தோமோ அதுவே நடக்கும்.

அவர் சொன்னது நியாயமான பயம். நான் மறுக்கவில்லை. தெருவில் கூடுதலாக ஆட்களை நிறுத்தச் சொன்னேன். என் கையில் ஒரு மெகாபோன் வைத்துக்கொண்டேன். அங்கிருந்து நேரே போய்ப் பேச்சியம்மாளிடம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். அவள் அண்ணன் பயம், ஆய்வாளரின் பயம், எனக்குள்ள பயம், எல்லாம். அவள் அப்பாவின் உதட்டை நனைத்துக்கொண்டே கேட்டாள். அப்படியென்றால் தான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாள்.

“நீ அழலாம். கூட்டத்தைப் பார்த்துக்கறது என் வேலை.”

தைரியமாகச் சொல்லிவிட்டேன். வாக்கைக் காப்பாற்றினால் பிள்ளைகள் நசுங்கலாம். பிள்ளைகளைக் காப்பாற்றினால் ஒரு பெண் தன் தகப்பன் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று என்று வந்தால் நான் எதைச் செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. சுபேதார் இன்னும் இரண்டு நாள் இருந்துவிட்டால் நல்லது என்று நினைத்தேன். அப்படி நினைத்ததும், நானும் கமிட்டிக்காரியாகிவிட்டேன் என்று வெட்கமாக இருந்தது.

கும்பாபிஷேகத்தன்று காலை நான் மேடையில் இல்லை. சால்வையை வேறு யாருக்காவது போர்த்தட்டும் என்று வடக்குத் தெருவில் நின்றேன். உள்ளே தீர்த்தக் கடம் புறப்பட்டது மேளச் சத்தத்தில் தெரிந்தது. கருடன் வந்தது கூட்டத்தின் சத்தத்தில் தெரிந்தது. நானும் அண்ணாந்து பார்த்தேன். மலைப் பக்கமிருந்து வந்து கோபுரத்துக்கு மேலே வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. கீழே மோட்டார் வைத்துத் தீர்த்தத்தைப் பீய்ச்சினார்கள். மதில் தாண்டித் தெருவரைக்கும் சாரல் விழுந்தது.

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது பேச்சியம்மாள் வாசலில் நின்றாள்.

“மூச்சு நின்னு போச்சும்மா.”

உள்ளே போய்ப் பார்த்தேன். சுபேதார் தூங்குவதுபோல் கிடந்தார். நெற்றியைத் தொட்டேன், இன்னும் சூடு இருந்தது. அதற்குள் வடக்கு வாசல் வழியாகக் கூட்டம் வர ஆரம்பித்துவிட்டது. தெரு நிறைந்துகொண்டே வந்தது. தகப்பன்களின் தோளில் பிள்ளைகள், பெண்களின் இடுப்பில் பிள்ளைகள். நான் பேச்சியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, அழ வேண்டும் என்றால் அழு என்றேன். அவள் தெருவைப் பார்த்தாள்.

“எம்புட்டுப் பிள்ளைய போவுது. போவட்டும்மா, செத்த நேரம்.”

நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாடை மட்டும் ஆடியது. முருகேசனைக் கூட்டி வர ஒரு காவலரை அனுப்பினேன். யாகசாலையிலிருந்து அவர் கூட்டத்தோடு கூட்டமாக, வேஷ்டியெல்லாம் நனைந்து வந்தார். என்னையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். அழக்கூடாது என்று தங்கைக்குக் கட்டளை போட்ட அந்த மனிதர், கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, அப்பா என்று வாய்விட்டு அழுதார். அந்தக் குரல் தெரு முழுக்கக் கேட்டது.

கூட்டம் நின்றது. மெகாபோனைத் தூக்கினேன், வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. அத்தனை தயாரிப்பும் எங்கே போனதோ தெரியவில்லை. ஆய்வாளர் தெருக்கோடியிலிருந்து என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். முதல் வரிசையில் ஒரு பெண் இடுப்பில் பிள்ளையோடு நின்றாள். அவள் தலைமுடியிலிருந்து தீர்த்தம் சொட்டிக்கொண்டிருந்தது. இந்தப் பெண் திரும்பினால் எல்லோரும் திரும்புவார்கள் என்று நினைத்தது நினைவிருக்கிறது. அவள் வீட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். யாரு என்று மெதுவாகக் கேட்டாள். இந்த வீட்டுப் பெரியவர், இப்போதுதான் போனார் என்றேன்.

அவள் பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். எதிர்ச் சுவரை ஒட்டி நகர்ந்து, வீட்டுக்கு வழிவிட்டு, நடந்து போனாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் சுவரோரமாக ஒதுங்கினார்கள். பேச்சு நின்றது. சிலர் வாசலைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்த பையன்கள் இரண்டு பேர், நான் சொல்லாமலேயே வாசலுக்கு முன்னால் கையை விரித்து நின்று கூட்டத்தை அந்தப் பக்கமாகத் திருப்பினார்கள். ஒருவர்கூடத் திரும்பி உள்ளே போகவில்லை.

இதை நான் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவிய ஒத்துக்கிட மாட்டாவ என்று சொன்ன ஒவ்வொருவரின் வீட்டுக்கும் போய்க் கதவைத் தட்டிக் கேட்டவள் நான். அதே நான், கூட்டம் ஒத்துக்கொள்ளாது என்று மட்டும் கேட்காமலேயே முடிவு செய்துவிட்டேன். கூட்டத்தை எப்படிக் கேட்பது? அதற்குக் கதவு கிடையாதே. இன்னொரு நாள், இன்னொரு ஊரில் அதே கூட்டம் திரும்பியும் இருக்கலாம். அதனால் தடுப்பு வேண்டாம், ஆய்வாளர் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எல்லாவற்றையும் தயாராக வையுங்கள். ஆனால், ஆயிரம் பேர் சேர்ந்துவிட்டால் அவர்கள் மனிதர்கள் இல்லை என்று மட்டும் முடிவுகட்டிவிடாதீர்கள்.

பேச்சியம்மாள் இன்னும் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். அண்ணன் அழுதாகிவிட்டது, கூட்டமும் போய்க்கொண்டிருக்கிறது, இனி அவளைத் தடுக்க எதுவும் இல்லை. ஆனாலும் அவளுக்கு அழுகை வரவில்லை. அடக்கி அடக்கி அது உள்ளேயே நின்றுவிட்டது போலிருந்தது. எனக்குப் பயமாகிவிட்டது. அப்போது வரிசையில் வந்த ஒரு அம்மாள் அந்த வீட்டுப் படியருகே நின்றாள். கையில் தேங்காய் பழத் தட்டு. சுந்தரபாண்டியத்திலிருந்து வந்தவள், அந்த வீட்டாரை முன்பின் தெரியாதவள் என்று பிற்பாடு தெரிந்தது. நிற்காமல் போங்கள் என்று காவலர் கையசைத்தார்.

“அழக்கூட ஆளில்லாம ஒத்தையில நிக்குதா. இவள விட்டுட்டுப் போவச் சொல்லுதீயளா?”

காவலர் என்னைப் பார்த்தார். நான் அவரை விலகச் சொன்னேன். அந்த அம்மாள் தட்டை என் கையில் கொடுத்துவிட்டுப் படியேறினாள். பேச்சியம்மாளின் தோளைப் பிடித்து உட்காரவைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்து, அவள் தலையைத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டாள். அடுத்து ஒருத்தி வரிசையிலிருந்து விலகி வந்தாள். அதன் பிறகு இன்னும் இரண்டு பேர்.

பேச்சியம்மாள் அழுதாள். வாயைத் திறந்து, அப்பாவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதாள். நான் தேங்காய்த் தட்டை வைத்துக்கொண்டு தெருவில் நின்றேன். உள்ளே நாகஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் எதையும் நிறுத்தச் சொல்லவில்லை.